பத்தாவது ஆள்

முப்பது வயதுக்கு மேல் எனக்கு ஹீப்ரு எழுத்தைப் பழக்கியவன் என் கூட்டாளி. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியில் இருவரும் ஒன்றாக மூட்டை நிறுத்தோம். அவன் யூதத் தெருக்காரன். நான் பாலக்காட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ராவுத்தர் வீட்டுப் பிள்ளை.

ஐம்பதுகளின் நடுவில் அந்தத் தெரு இஸ்ரேலுக்குக் கிளம்பியது. அவன் வீடும் பெயர் கொடுத்தது. உடல் பரிசோதனையில் அவன் அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்து, யானைக்கால் என்று எழுதி, அவரை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அவன் போகமாட்டேன் என்றான். அம்மாதான் பெண்டாட்டி பிள்ளையோடு அவனை விரட்டினார்.

அவனுக்கும் ஹீப்ரு பேச வராது. நான் மதரசாவில் ஓதியதைப் போல, அவனும் அர்த்தம் தெரியாமல் ஜெபம் ஓதப் பழகியவன்தான். அங்கே போனால் பேச வேண்டுமே என்று ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கினான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து படிப்போம்.

"எடா, நீயும் படி. எனக்குக் கடுதாசி எழுத வராது. நாளைக்கு என் மோள் அங்கத்த எழுத்துலதான் எழுதும். அம்மைக்கு யாரு வாசிச்சுக் குடுக்கும்?"

வலமிருந்து இடமாக எழுதுவது எனக்குப் பழக்கம். தொண்டை எழுத்துகள் உஸ்தாதின் பிரம்படியில் ஏற்கெனவே வந்தவை. ஆணிடம் ஒரு 'வா', பெண்ணிடம் வேறு 'வா' என்பதில்தான் திணறினேன். வாசித்துப் பழக அவன் ஜெபப் புத்தகத்தில் திறந்த பக்கம், இறந்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனை. அப்பாவுக்காக ஆண்டுதோறும் சொல்வதால் அவனுக்கு அது மனப்பாடம். பத்து ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்லலாம் என்றான்.

"நாம ரெண்டு பேர். இன்னும் எட்டு வேணுமா?"

"நீ கணக்குல இல்லடா. ஒம்பது வேணும்."

அன்றைக்கு இருவரும் சிரித்தோம்.

அவன் போய் மூன்று வருடம் கழித்து மகள் எழுதிய முதல் கடிதம் வந்தது. பிரித்தால் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. நான் படித்தது அச்சு எழுத்து. இது கையெழுத்து, உருவமே வேறு. உயிரொலிக்குப் போடும் புள்ளிகளும் இல்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நலமாக இருக்கிறாள், வகுப்பில் முதல் மார்க் என்று நானாக அடித்துவிட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வளர்த்த நாய் செத்துப்போய் அழுகிறேன் என்று குழந்தை எழுதியிருந்தது. வெட்கமாகிவிட்டது. போய் உண்மையைச் சொன்னேன்.

"முதல் மார்க்குன்னு நான் தெரு முழுக்கச் சொல்லியாச்சே, கள்ளா!" என்று அம்மா திட்டினார். பிறகு நாய்க்காகக் கொஞ்சம் அழுதார்.

அதன்பின் வந்த கடிதங்களையெல்லாம் ஒழுங்காக வாசித்தேன். கூட்டிப்போக வருகிறேன் என்று அவன் ஒவ்வொரு வருடமும் சொல்லியனுப்பினான். அம்மா ஒவ்வொரு வருடமும் பெட்டியைத் துடைத்து வைத்தார்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனார். கல்லறையில் எண்ணினால் ஆண்கள் ஒன்பது பேர். எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் படகில் வருவதாக இருந்தது. காய்ச்சல், வரமாட்டார் என்று பொழுது சாயும் நேரத்தில் ஆள் வந்து சொன்னான். பிரார்த்தனை சொல்லவிருந்த தெரு மூத்தவர் புத்தகத்தை மூடினார். நான் இரண்டடி முன்னால் போய், "எனக்கு முழுசும் தெரியும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தொட்டு, "தெரியும் மோனே. ஆனா உன்னை எண்ண முடியாது" என்றார். எனக்குத்தான் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் மட்டும் வாசித்து மண் தள்ளினார்கள். நானும் தள்ளினேன்.

மூத்தவரிடம் கேட்டுக் கேட்டுத் தகவல் எழுதிப் போட்டேன். மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பா சாப்பிடவில்லை, பேசவில்லை, ஒன்றே ஒன்றைத்தான் கேட்கச் சொல்கிறார்: குழியருகில் அந்தப் பிரார்த்தனையைச் சொன்னார்களா?

ஹீப்ருவில் நான் யாரிடமும் கேட்காமல் எழுதிய முதல் கடிதம் அதுதான். மகள் வாசிக்க வேண்டும், அவன் கேட்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் புத்தகத்தில் சரிபார்த்து எழுதினேன். 'பத்து ஆண்கள் நின்றோம். சொல்லியாகிவிட்டது.'

ஒரு மாதத்தில் மறுகடிதம். அப்பா அன்றைக்குத்தான் சாப்பிட்டாராம். என் எழுத்தில் ஒரு பிழைகூட இல்லையாம். தெருவில் மிச்சமிருக்கும் ஆண்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாராம், ஒன்பதுதான் வருகிறதாம். அந்தப் பத்தாவது ஆளுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர் பெயரை எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள்.

எழுதத் தெரியும். இன்றுவரை எழுதவில்லை.