அம்மாவின் நெல்மணிச் சங்கிலி

என் தாய்மாமா பொய் சொல்லாத நாள் என்று ஒன்று இருந்திருந்தால், அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். கூத்தாநல்லூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். வாயால் சொல்லி அலுத்த பொய்களைக் கேமராவால் சொல்ல ஆரம்பித்தார். சிமெண்டுப் பையின் தாளைக் கசக்கிப் பாறையாக்கி, என் அண்ணன் அதை ஒற்றைக் கையால் தூக்கி நிற்பதுபோல ஒரு படம் எடுத்தார். பழைய சைக்கிள் டியூபை என் கழுத்தில் சுற்றி மலைப்பாம்பாக்கினார். அந்தப் படத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தை நிஜமாகவே அழுதது. "கறுப்பு வெள்ளையில எல்லாமே நெசந்தான்" என்பார் மாமா.

அந்த வருஷம் அப்பா திருச்சி ஜெயிலில் இருந்தார். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டதில் மிராசுதார் ஆட்களோடு தகராறு. சங்கத்தில் முன்னால் நின்றவர்களையெல்லாம் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. ஆட்சி மாறி, ஊர்ச் சுவரெல்லாம் கறுப்புச் சிவப்பு பூசியிருந்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் வெறும் சிவப்பு. சங்கத்து ஆட்களை வயலில் இறக்க மாட்டோம், வெளியூர் ஆளை வைத்து அறுத்துக்கொள்கிறோம் என்று மிராசுதார்கள் பிடிவாதமாக இருந்த நேரம். வேனில் ஏறும்போது அப்பா அம்மாவிடம், "வக்கீலு கிக்கீலுன்னு அந்தச் சங்கிலியில மட்டும் கை வெச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கை வைத்தாள். பிறந்த வீட்டில் போட்ட ஒரே சங்கிலி, நெல்மணி மாதிரி குண்டுகள் கோத்தது. தோட்டோடு சேர்ந்து அதுவும் வக்கீலுக்குப் போய்விட்டது. சங்கிலி இல்லாத கழுத்தோடு அப்பா முன்னால் போய் நிற்கப் பயந்து, அவள் ஜெயில் பக்கமே போகவில்லை.

தை மாதம் ஒருவழியாகப் பேச்சு முடிந்து எங்கள் தெரு ஆட்களையும் அறுப்புக்கு இறக்கினார்கள். முதல் நாள் அறுப்பு முடிந்து வந்ததும், வழக்கப்படி அம்மா ஒரு பிடி கதிரை வாசல் நிலையில் கட்டினாள். எங்கள் பக்கத்தில் நிலையில் கதிர் தொங்கினால் அந்த வீட்டுக்குப் புது நெல் வந்துவிட்டது என்று பொருள். அந்த வாரமே, விடுதலையாகி வந்த ஒருவரிடம் அப்பா சொல்லியனுப்பியிருந்தது வந்து சேர்ந்தது. அம்மாவின் முகத்தைப் படமாகவாவது பார்க்க வேண்டுமாம். அம்மா மஞ்சள் கயிறு மட்டும் கிடந்த கழுத்தைத் தடவிக்கொண்டு அழுதாள். மாமாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இப்படி ஒரு பொய்க்கு அவர் எத்தனை காலம் காத்திருந்தாரோ!

முதலாளியிடம் கெஞ்சிக் கேமராவை வாங்கி வந்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை உருட்டித் தட்டி, சோற்றுப் பசை வைத்து அம்மாவின் காதில் தோடாக ஒட்டினார். மிச்சத் தாளை முறத்தில் ஒட்டி, வெயில் அம்மாவின் முகத்தில் விழுகிற மாதிரி அண்ணனைப் பிடிக்கச் சொன்னார். அப்பாவின் வேட்டி பின்னால் திரையானது.

"கழுத்துக்கு என்னடா பண்றது?" என்றாள் அம்மா.

மாமா நிலையை அண்ணாந்து பார்த்தார்.

"நெலையில கட்டுன கதிர அவுக்கலாமாடா? குடும்பத்துக்கு ஆகுமா?"

"ஒரே ஒரு கொத்துதான்க்கா. மகாலெச்சுமி எங்க போயிடப்போறா? நெலையிலேருந்து ஒன் கழுத்துக்குத்தானே எறங்குறா."

சங்கிலி கட்டியது நான்தான். ஊசியால் குத்தினால் நெல் பிளந்தது. அதனால் கதிரிலிருந்து ஒவ்வொரு மணியையும் காம்போடு கிள்ளி, காம்பில் நூலை முடிந்தேன். அம்மா போட்டுக்கொண்டதும் எனக்கே திக்கென்றது, போன சங்கிலி திரும்பி வந்துவிட்டதுபோல. "சிரிக்கா" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து பார்த்தாள். அதுவே அழகாக இருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு மாமாவும் நானும் ஜெயிலுக்குப் போனோம். நெல் என்று வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவதாக வழி முழுக்க மாமா மிரட்டிக்கொண்டே வந்தார். அப்பா இளைத்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல அடுப்பு எரியுதா?"

"நம்மாளுவ எல்லாரும் அறுப்புல எறங்கியாச்சு மச்சான். ஒரு கொறையும் இல்ல" என்றார் மாமா.

"நீ சொல்ற, மாப்ள" என்றார் அப்பா. அவர் நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மாமா வாழ்நாளில் சொன்ன நிஜம் அது ஒன்றாகத்தான் இருக்கும். பாவம், அதற்கு மதிப்பில்லாமல் போனது.

காவலரிடம் காட்டிவிட்டுப் படத்தை உள்ளே கொடுத்தோம். அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். கட்டை விரலால் அம்மாவின் கழுத்தை மெல்லத் தடவினார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நெலைக்குக் கதிரு கட்டியாச்சா?"

நான் தலையாட்டினேன். அப்பா சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பச் சரி" என்றார். "நகை ரொம்ப எடுப்பா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு."

சிறு வயதிலிருந்து அரிவாள் பிடித்த மனிதர், காம்போடு இருக்கிற புது நெல்லைப் பொன் என்று நம்புவார் என எங்கள் வீட்டில் எல்லோரும் எப்படி நினைத்தோமோ தெரியவில்லை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் வீடு திரும்பும்போது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "கண்டுபிடிச்சிட்டாரா?" என்றாள். நகையைப் பற்றி அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், அவரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில். கதிரைப் பற்றி அவர் கேட்டதை நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா சம்பந்தமில்லாமல் ஏதோ கேட்டார் என்று நினைத்து அதை மறந்தும் போனேன்.