ஈர விறகு

தாஜா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினெட்டுக் குளிர்காலம் ஆகிவிட்டது. ஆப்பிள் பறிப்பு முடிந்ததும் தன் அறையின் தகர அடுப்புக் குழாய்களைக் கழற்றி முற்றத்தில் போட்டுத் தட்டுவாள். கரி உதிர்ந்து முகமெல்லாம் கறுத்துப்போகும். இணைப்புகளில் களிமண் பூசித் திரும்ப மாட்டுவாள். முதல் பனி விழுந்த அன்றே மாமியார் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவார். மோஜி என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். மோஜி இருக்கும் இடத்துக்குத்தான் தெருவே வரும். சமோவாரில் உப்புத் தேநீர் ஓயாமல் கொதிக்கும்.

இந்த வருஷம் கொழுந்தன் பக்கத்திலேயே புது வீடு கட்டி, ஹமாம் அறையும் வைத்தான். வெளியே அடுப்பு வாயில் நெருப்பு வைத்தால் உள்ளே கல் தளம் முழுவதும் சூடாகும். அவன் மனைவி முபீனா ஸ்ரீநகரில் வளர்ந்த டீச்சர்; தாஜாவை அண்ணி முறையில் பாபி என்பாள்.

"பாபி, இந்த நாப்பது நாள் குளிருக்கு மோஜிய நான் கூட்டிட்டுப் போறேன். கல்லுல படுத்தா முழங்கால் வலி ஓடிப்போயிடும்."

"கூட்டிட்டுப் போயேன். நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?"

தோட்டத்து விறகைப் பங்கு பிரிப்பது மூத்தவளான தாஜாவின் வேலை. கொட்டகையில் இடது பக்கம் போன வருஷத்துக் கட்டைகள், வலது பக்கம் போன மாதம் வெட்டியவை. இரண்டு கட்டைகளை மோதிப் பார்த்தால் காய்ந்தது கணீரென்னும், ஈரம் தொப்பென்னும். முபீனாவுக்கு அது தெரியாது. வலது பக்கம் முழுவதையும் தாஜா அவளுக்கு அனுப்பினாள்.

முதல் வாரம் அங்கே கட்டட வேலையில் மிஞ்சிய பலகைகள் எரிந்தன. தாஜா ஜன்னலில் நின்று அந்த வாசலில் கிடந்த காலணிகளை எண்ணினாள். பதினோரு ஜோடி. அதில் ஒன்று அவள் கணவன் அஹதுடையது.

"எங்க போயிருந்தீங்க?"

"மோஜியப் பாக்க."

"மூணு மணி நேரமா? முகம் மறந்துபோச்சோ?"

"அந்தக் கல்லுல உக்காந்தா எந்திரிக்க மனசு வரல தாஜா. நாமளும் ஒண்ணு…"

"வாயை மூடுங்க."

அடுத்த வாரம் முபீனா ஓடி வந்தாள். புகையில் கண்கள் சிவந்திருந்தன. "பாபி, கல்லு சூடே ஏறல. மோஜி விடிய விடிய நடுங்குறாங்க. கட்டினது சரியில்லன்னு இவர் கொத்தனார்கிட்ட சண்டைக்குப் போயிருக்கார். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அடுப்பு வாயில் கட்டைகள் சீறிக்கொண்டிருந்தன. முனைகளில் நுரை கொதித்தது. உள்ளே மோஜி தணல் போட்ட காங்கிடிக் கூடையை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா தாஜா? மெத்தைய எடு. நம்ம அடுப்புகிட்டயே போயிடலாம்."

இதற்காகத்தானே காத்திருந்தாள்! குனிந்து மெத்தையைச் சுருட்டினாள். பாதி சுருட்டியபோது பின்னால் முபீனா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எல்லாம் என் தப்புதான் மோஜி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாஜா பேசாமல் போயிருப்பாள்.

"கல்லுல தப்பில்ல," என்றாள், நிமிராமலே. "விறகு ஈரம்."

"விறகு நீங்கதானே பாபி அனுப்…" முபீனா நிறுத்திக்கொண்டாள்.

மோஜி மருமகள்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஏண்டி, இந்தக் கிழவிக்காகவா இவ்வளவும் பண்ணினே? என் புருஷன்கூட எனக்காக ஒரு குச்சிய ஒளிச்சு வச்சதில்ல!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர் கேட்டார்: "அப்போ காஞ்ச விறகு போட்டா இந்தக் கல்லு சூடாகுமா?"

"ஆகும்."

"நல்லா?"

"நல்லா ஆகும்."

"அப்போ மெத்தைய விரி."

தாஜா விரித்தாள். காய்ந்த விறகை ஏழு நடை அவளே சுமந்து வந்து கொடுத்தாள். மாலைக்குள் கல் சூடேறியது. நீயும் உட்கார் என்று மூன்று முறை சொன்னார்கள். அடுப்பை அப்படியே விட்டு வந்திருக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

ஆளே இல்லாத அவள் அறை நன்றாகவே சூடாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.