அப்பா குடிக்காமல் விட்ட ஓமத் தண்ணீர்

மதியம் அவசரமாகச் சாப்பிட்டது செரிக்காமல் நெஞ்சைக் கரித்தது. ஒரு கரண்டி ஓமத்தை வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். வாசம் எழுந்ததும், இலங்கையில் தெரணியகலைக்கு மேலே றப்பர் தோட்டத்தில், இப்போது இடித்துவிட்ட எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், மனதால் நின்றேன்.

அப்பா றப்பர் பால் வெட்டுபவர். விடியும் முன் வெறும் வயிற்றில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போவார். பால் அளந்து கொடுத்த பிறகுதான் ஆறிப்போன ரொட்டியை மெல்லாமல் விழுங்குவார். மதியத்துக்குள் வயிறு உப்பிக்கொள்ளும், அம்மா இஞ்சியும் ஓமமும் தட்டிப்போட்டுச் சுண்டக் காய்ச்சித் தருவாள், அதைக் குடித்துப் பெரிதாக ஏப்பம் விட்ட பிறகே அவர் முகம் தெளியும்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, பாடசாலை விட்டதும் கூட்டிப்போக வந்த அவரிடமிருந்து ஒரு நாள் விலகி நடந்தேன்.

“வாடை அடிக்குதா புள்ள?” என்று கேட்டார்.

“ஓம வாடைப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“சரி புள்ள” என்றார்.

மறுநாளிலிருந்து ஓமத் தண்ணீர் குடிக்காமலே வந்தார். ஏற்றத்தில் பாதி வழியில் நின்று, வயிற்றை அமுக்கிக்கொண்டு, மரங்களைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்குவார். எனக்குத் தெரியும். அந்த வருடம் முழுவதும், “குடிச்சிட்டே வாங்கப்பா” என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.