அக்கா வளர்த்த சுமத்ராக் குதிரைகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரைக் கால்நடை மருத்துவராக அறிவீர்கள். சிலருக்கு அவர் சித்தி, சிலருக்குப் பெரியம்மா. மிகைப்படுத்திப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஜொகூர் மாநிலத்தில், லாயாங் லாயாங் ஊரின் ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கா பிறந்தார். அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூத்த மகள் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அக்காவும் டாக்டரானார், ஆனால் ஆடு மாடுகளுக்கு. அம்மா கொஞ்ச காலம் உறவினர்களிடம் "மகள் படிக்கிறாள்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

மூவாரிலும் பிறகு பொந்தியானிலும் அக்கா அரசுப் பணியில் இருந்தார். பொந்தியானில்தான் அத்தானைச் சந்தித்தார். அத்தான் பள்ளி ஆசிரியர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். எங்கள் வீட்டில் உடனே குலம், வழி என்ற பேச்சு எழுந்தது. பெரியப்பா ஒருவர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அக்கா சண்டை போடவில்லை. அப்பா சம்மதிக்கும் வரை காத்திருந்தார். அதுவரை வந்த எந்த வரனையும் பார்க்க மறுத்தார். கடைசியில் அப்பாவே முன்னின்று திருமணத்தை நடத்திவைத்தார்.

குதிரைகள் அவர் வாழ்க்கைக்குள் வந்ததும் பொந்தியானில்தான். கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவந்த மலாய்ப் பெரியவர் ஒருவர், வயதாகிவிட்டதால் தொழிலை விட்டார். அவரிடம் ஓர் ஆண் குதிரையும் இரண்டு பெண் குதிரைகளும் இருந்தன. மூன்றும் நம் நெஞ்சு உயரம்தான். தம் தாத்தா சுமத்ராவிலிருந்து படகில் கொண்டுவந்த பாத்தாக் இனக் குதிரைகளின் வாரிசுகள் இவை, வேறு இரத்தம் கலக்காதவை என்று அந்தப் பெரியவர் சொன்னார். அக்கா அவற்றை விலைக்கு வாங்கினார். ஓய்வு பெற்றதும் லாயாங் லாயாங்குக்கு வெளியே நிலம் வாங்கி லாயம் கட்டினார்.

பாத்தாக் குதிரை எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. மங்கோலியப் புல்வெளிக் குதிரைகளின் வழி என்பார்கள். அரபுக் குதிரையின் இரத்தம் பின்னர் கலந்தது என்பார்கள். தம்மிடம் இருப்பது அந்தக் கலப்புக்கு முந்தைய பழைய வழி என்று அக்கா உறுதியாக நம்பினார். உயரமான குதிரைகளோடு சேர்க்கலாம், நல்ல விலை போகும் என்று சொன்னவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். அந்த மூன்றின் வழிக்குள்ளேயே குட்டிகள் பிறந்தன. நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பதால் வரும் ஆபத்து மருத்துவரான அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் பழைய வழி ஒருமுறை அறுந்தால் திரும்பாது என்ற எண்ணமே அவரிடம் வலுவாக இருந்தது. பிறந்தவற்றில் இரண்டு குட்டிகள் நிலைக்கவில்லை. இரண்டாவது குட்டியால் எழுந்து நின்று பால் குடிக்கவே முடியவில்லை. புட்டியில் பால் கொடுத்துப் பார்த்தார். அது அவர் மடியிலேயே இறந்தது.

அந்தச் சமயத்தில் ஜொகூர் பாருவில் குதிரையேற்றப் பள்ளி நடத்தும் ஒருவர் வந்தார். எல்லாக் குட்டிகளையும் எடுத்துக்கொள்வதாகவும், கலப்பில்லாத பழைய ஆசியக் குதிரைகள் என்று ஊரறிய அறிமுகப்படுத்தப் போவதாகவும் சொன்னார். பென்ஷனில் லாயத்தை நடத்திக்கொண்டிருந்த அக்காவுக்கு அது பெரிய ஆதரவாக இருந்திருக்கும். ஆனால் ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்லி விற்கக்கூடாது என்று, பிடரி மயிரை வேரோடு எடுத்து வெளிநாட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்.

முடிவு வந்தது. பெண் குதிரைகள் பழைய கிழக்காசிய வழியைச் சேர்ந்தவை. ஆண் குதிரையிடமோ சில தலைமுறைக்கு முன் பந்தயக் குதிரையின் இரத்தம் கலந்திருந்தது. அதன் வழியில் வந்த குட்டிகள் அனைத்தும் கலப்புதான்.

பள்ளிக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "டாக்டர், நீங்க சொல்லலன்னா யாருக்குத் தெரியும்? பாக்க அப்படித்தானே இருக்கு லா," என்றார்.

"எனக்குத் தெரியும். கலப்புக் குதிரைன்னு சொல்லி வாங்குறதா இருந்தா வாங்குங்க. இல்லன்னா வேணாம்," என்றார் அக்கா.

பள்ளிக்காரர் போனவர்தான், திரும்பி வரவில்லை. அன்று மாலை அத்தானும் நானும் லாயத்தில் புல் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா வந்து வேலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இல்லாத ஒன்ன காப்பாத்தறேன்னு ரெண்டு குட்டிய சாகவிட்டுட்டேன் தம்பி. இனிமே விடமாட்டேன்."

அத்தோடு அவர் நிற்கவில்லை. குளுவாங்கில் கால்நடை வளர்ப்போர் கூட்டம் ஒன்றில், இதற்கு முன் தம் குதிரைகளைத் தூய இனம் என்று பேசிய அதே மேடையில் ஏறி, அது தவறு என்று சொன்னார். அப்படியானால் இவற்றுக்கு என்ன மதிப்பு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அக்கா நிதானமாகப் பதில் சொன்னார்: "மனுஷன் போன இடத்துக்கெல்லாம் குதிரையும் கூடவே போச்சு. போன இடத்துல கலந்துச்சு. நம்ம ஊரு சூட்டுலயும் ஈரத்துலயும் இதுங்க குளம்பு அழுகாம நிக்குது. நான் காப்பாத்த வேண்டியது அதத்தான்."

திரெங்கானுவில் சிறு குதிரைகள் வளர்க்கும் ஒருவரிடமிருந்து, எந்த உறவும் இல்லாத ஆண் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். அடுத்து வந்த மழைக்காலத்தில் குட்டி பிறந்தது. பிறந்த கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து, தடுமாறி, தாயின் மடியைத் தேடிப் போனது. அக்கா சேற்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அவர் லாயத்துக்குப் போவதை விடவில்லை. நடக்க முடியாதபோது நாற்காலி போட்டு அமர்ந்து, ஒவ்வொரு குதிரையையும் முன்னால் நடத்திவரச் சொல்லிக் குளம்பு பார்த்தார். சிகிச்சையின் வலியைப் பற்றிக் கேட்டால், பெண் குதிரைக்குத் தடுப்பூசி எப்போது என்று நம்மிடமே திருப்பிக் கேட்பார். ஒரு காலைப் பொழுதில், வீட்டில், அத்தானின் கையைப் பிடித்தபடி கண் மூடினார்.

அவரைப் பரிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்குகளை முன்னின்று நடத்திய கோயில் நிர்வாகத்தாருக்கும், வீட்டில் யாரும் இல்லாத நாள்களில் தானே வந்து குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய பக்கத்து மலாய்க் கம்பத்தில் குடியிருக்கும், நாங்கள் பாக்சிக் என்று அழைக்கும் மாமாவுக்கும், தொலைவிலிருந்து வந்து எங்களோடு நின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குதிரைகளை என்ன செய்யப் போகிறீர்கள், விற்கப் போகிறீர்களா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. அத்தானும் நானும் காலையில் புல் வெட்டுகிறோம். எங்களுக்கும் வயதாகிறது, கை போதவில்லை. அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். சேறு அதிகம், பழைய சப்பாத்து போட்டுக்கொண்டு வாருங்கள்.