வெள்ளத்துக்கு முன்னம் நான் கழட்டின பெல்ட்

லொறி எஞ்சின் நிண்டிட்டுது. சுத்திவரத் தண்ணி. பின்பெட்டியிலை பதினேழு சனம்.

போன மாரி, தொண்டைமானாற்றுப் பக்கம் வெள்ளம். கரையிலை இருந்த சனத்தை அச்சுவேலிப் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விடச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். நான் ஓடுற பழைய லொறியை மற்ற ட்றைவர் செல்வம் உரும்பிராய்க்கு மரக்கறி ஏத்தக் கொண்டுபோட்டான். எனக்கு முதலாளி வாங்கின புது லொறிதான் மிச்சம். அதைக் கண்டாலே எனக்குப் பத்தியெரியும். கதவைத் திறந்தாலும் கத்தும், பின்னுக்கு எடுத்தாலும் கத்தும்.

தண்ணிக்குள்ளை இறங்க முன்னம் ஃபான் பெல்ட்டைக் கழட்டுறது எங்கடை பழக்கம். இல்லாட்டில் ஃபான் தண்ணியை வாரி எஞ்சினுக்கு மேலை அடிக்கும். முப்பது வருசமாய் அப்பிடித்தான். அண்டைக்கும் சனத்தை ஏத்திப்போட்டு, யோசியாமல் கழட்டினன்.

நடு வெள்ளத்திலை சிவப்பு லைற் எரிஞ்சுது. ஸ்ரியறிங் இறுகிட்டுது. பிறகு எஞ்சின் தானாய் நிண்டிட்டுது. ஸ்ராட் பட்டனை அமத்துறன், அமத்துறன், ஒண்டுமில்லை. ஐயோ முருகா எண்டு வாய்விட்டுக் கத்திப்போட்டன்.

லொறி வித்த கொம்பனிக்குப் போன் எடுத்தன்.

“ஐயா, பெல்ட்டைக் கழட்டினீங்களோ?” எண்டு எடுத்தவர் கேட்டார். “தண்ணிப் பம்பும் அதிலைதானே ஓடுது. சூடு ஏற எஞ்சின் தன்ரைபாட்டிலை நிப்பாட்டிப்போடும். கழட்டக் கூடாதெண்டு புத்தகத்திலை கிடக்கே!”

“திரும்பப் போடலாமோ, தம்பி?”

“கராஜிலைதான் ஏலும், ஐயா. இறுக்கிறதுக்கு வேறை சாமான் வேணும்.”

பழசிலையும் பம்ப் பெல்ட்டிலைதான் ஓடுது. ஆனால் அது கொதிச்சுக் கொதிச்செண்டாலும் கரைக்கு வந்திடும். இது வராது. புத்தகம் முன்னாலை டாஷ்போர்ட் லாச்சிக்குள்ளைதான் கிடந்தது. நான் ஒரு நாளும் திறந்து பாக்கேல்லை.

செல்வத்துக்குப் போன் எடுத்து வரச் சொன்னன். தண்ணி பெட்டிப் பலகையைத் தொட்டிட்டுது. லொறி ஒருக்கால் பக்கவாட்டிலை நகந்துது. ரயருக்குக் கீழை ரோட்டு அரிச்சுப் போகுதெண்டு விளங்கிச்சு. சரோ எண்ட பிள்ளை, கையிலை ஆறுமாசக் குழந்தை, என்ரை சீற்றுக்குப் பின்கண்ணாடியாலை எட்டிக் கேட்டாள்: “அண்ணை, எங்களுக்கு ஒண்டும் ஆகாதே?”

“ஒண்டும் ஆகாது, பிள்ளை” எண்டன். எனக்குக் காற்சட்டையோடை மூத்திரம் போட்டுது. சொல்ல வெக்கமில்லை, அவ்வளவு பயம்.

முக்கால் மணித்தியாலத்தாலை செல்வம் பழசிலை கறுத்தப் புகையோடை வந்து, அதைப் பின்பக்கமாய்த் தண்ணிக்குள்ளை இறக்கி, கேபிள் கொழுவி இழுத்தான். அவனும் பெல்ட்டைக் கழட்டிப்போட்டுத்தான் வந்தவன்.

பள்ளிக்கூடத்திலை இறங்கினவுடனை செல்வம், “உந்தப் புதுசுகளை நம்பேலாதெண்டு நான் அப்பவே சொன்னனான்” எண்டான். எல்லாரும் ஓம் எண்டினம். நானும் ஓம் எண்டன். சரோ என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு, “அண்ணை, நீங்கள் இல்லாட்டில் எங்கடை கதி என்ன?” எண்டு அழுதாள். நான் கையை இழுத்துக்கொண்டு கேபிளைக் கழட்டப் போனன்.

முதலாளி புது லொறியை வித்துப்போட்டார். நான் இண்டைக்கும் பழசுதான் ஓடுறன். புதுசு கூடாதெண்டு இல்லை. பழசிலை நான் என்ன பிழை விடுவன் எண்டு எனக்குத் தெரியும், அவ்வளவுதான். இனி ஓடப்போற பிள்ளையள், பழக்கமெண்டு ஸ்பனரைத் தூக்க முன்னம் அந்தப் புத்தகத்தை ஒருக்கால் வாசியுங்கோ.

சந்தைக்குப் போற வழியிலை சரோ என்னைக் கண்டால் மகனைத் தூக்கிக் காட்டி, “உங்கை பார், உன்னைக் காப்பாத்தின மாமா!” எண்டு சொல்லுவாள். நான் லொறிக் கோனை அடிச்சுப்போட்டு நிக்காமல் போயிடுவன்.