சின்னக்கண்ணுவுக்கு விழுந்த குக்கர்

பானுப்ரியா கெட்டிக்காரி. அவளைப் பிடிக்காதவர்கள்கூட அதை மறுக்க மாட்டார்கள். காந்திகிராமத்தில் படித்துவிட்டு, திண்டுக்கல்லில் பூச்செடிக்கு டானிக் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனிக்கு ஒரு செல்போன் ஆப் இருந்தது. விவசாயிகள் அதை ஒருதரம் திறந்து பார்ப்பார்கள், அதோடு சரி. அவர்களைத் திரும்பத் திரும்பத் திறக்கவைப்பதுதான் அவள் வேலை.

கம்பெனி பேசினால் எவன் கேட்பான்? பக்கத்து ஊர்க்காரன் தோட்டம் என்றால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்ப்பான். அதனால் விவசாயிகளையே படம் எடுத்துப் போடச் சொன்னாள். எந்தப் படத்துக்குக் கீழே அதிகம் பேர் எழுதுகிறார்களோ, அந்த வாரப் பரிசான குக்கர் அவருக்கு. ஆப் சந்தைக்கடை ஆகிவிட்டது. முதலாளி ராயப்பராஜ் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

ஒரு நாள் பொம்மையன் என்பவர், பூத்துக் குலுங்கும் தன் மல்லிகையைக் காட்டி, "மருந்தடிக்கிற டேங்குக்கு நாலு மூடி டானிக் ஊத்துனேன்" என்று வீடியோ போட்டார். நம் பக்கத்தில் மருந்துக்கு யார் அளவுக் குவளை தேடுகிறார்கள்? டப்பா மூடிதான் கணக்கு. ஆனால் அந்த டானிக் பாட்டிலிலும் வருகிறது, கேனிலும் வருகிறது. கேன் மூடி ரொம்பப் பெரிது. சேவுகம்பட்டி சின்னக்கண்ணு கீழே கேட்டார்: "எந்த மூடி?"

பாட்டில் மூடி என்றார் ஒருவர், கேன் மூடி என்றார் இன்னொருவர். ஒரே ரகளை. பானுப்ரியாவுக்கு விடை தெரியும். எழுதப்போனாள். எழுதினால் பேச்சு அதோடு நின்றுவிடும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கெட்டிக்காரத்தனத்திலும் இப்படி ஒரு பாழாய்ப்போன வகை உண்டு.

சின்னக்கண்ணு கேன் மூடியால் ஊற்றினார். மொட்டெல்லாம் கருகிவிட்டது. "எங்க தப்புப் பண்ணேன், சொல்லுங்கப்பா" என்று செடியைப் படம் பிடித்துப் போட்டார். ஆப் தொடங்கியதிலிருந்து எந்தப் படத்துக்கும் அத்தனை பேர் எழுதியதில்லை. அந்த வாரக் குக்கர் அவருக்கே விழுந்தது.

பரிசை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுப்பது வழக்கம்.

"இத வேற யாராச்சும் கொண்டு போகட்டும் சார்" என்றாள் பானுப்ரியா.

"நீயே போம்மா. ஆறுதலா நாலு வார்த்த பேசி வீடியோ எடுத்துட்டு வா, நல்லா ஓடும்" என்றார் ராயப்பராஜ்.

பஸ்ஸில் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, பார்க்கிறவர்கள் எல்லாம் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று கூசியது.

சின்னக்கண்ணு நாற்காலி போட்டார். "வா தாயி, வெயில்ல வந்துருக்க. மொதல்ல காப்பி குடி" என்றார். அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, எந்த மூடின்னு நீங்க கேட்டத அன்னைக்கே பாத்தேன். பாட்டில் மூடின்னு எனக்குத் தெரியும். சொன்னா ஆள் வர்றது நின்னுரும்னு சொல்லாம இருந்துட்டேன். தப்பு என் மேலதான்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கருகிய தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் படத்துக்குக் கீழ இன்னமும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க தாயி. அவங்களுக்காச்சும் சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. தன் மனப்பாரத்தை இறக்கி வைப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு, அந்த ஒரு வரியை எழுத இதுவரை தோன்றவே இல்லை.