நான்கு பிள்ளைகளும் மூன்று சீசாவும்

கவரைப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. துலுக்காணம் அதன் வாட்ச்மேன். முன்பு பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர். ஓர் ஐப்பசிப் புயலில் படகு கவிழ்ந்து தோள்மூட்டு விலகியது. கட்டுப்போட்டுச் சேர்த்தும் பழைய பலம் வரவில்லை. வலை இழுக்க முடியாதவருக்கு ஏரியில் என்ன வேலை? மனைவி கங்கம்மாவையும் கைக்குழந்தையாயிருந்த தேசம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

1974ஆம் வருஷம் பங்குனி பிறந்ததுமே ஊர் ஊராக மணல்வாரி கிளம்பிவிட்டது. டாக்டர் பாக்கியநாதன் அதைத் தட்டம்மை என்பார். பெரியம்மையைப் போல முகத்தைக் குதறிப்போடாது என்பதால் ஜனங்கள் அதை லேசாக எடுத்துக்கொண்டார்கள். டாக்டருக்கு அது லேசாகப் படவில்லை. தெம்பான பிள்ளையைப் படுக்கப்போட்டு எழுப்பிவிடும், நோஞ்சான் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்பார். இருமினால் காற்றோடு பரவுகிற நோய். தடுப்பூசியும் இந்தப் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் துலுக்காணத்தைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காய்ச்சலோடு மூக்கொழுகிக் கண்ணும் சிவந்திருக்கிற பிள்ளை வந்தால் வராந்தாவில் உட்காரவைக்கக் கூடாது. பின்னால் இருக்கிற ஓட்டுக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் அங்கேயே போய்ப் பார்ப்பார்.

துலுக்காணத்துக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. ஐந்து வயது தேசம்மா கஞ்சிப் பானையைச் சாய்த்துக்கொண்டு, கை வெந்து, அப்போது குழந்தைகள் வார்டில்தான் படுத்திருந்தாள்.

காட்டுப்பள்ளியிலிருந்து அங்காளம்மாள் என்கிற மீனவப் பெண் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். உப்பங்கழியைப் படகில் தாண்டி, மணலில் நடந்து, ரயில் பிடித்து வந்திருந்தாள். பையன் சடையப்பனுக்கு மூன்று வயது. வாந்தியும் பேதியும் என்றாள். துலுக்காணம் பையன்மேல் போர்த்தியிருந்த முந்தானையை விலக்கிப் பார்த்தார். கண் சிவந்துதான் இருந்தது. ஆனால் பையன் வழியெல்லாம் அழுதிருந்தான். அழுத பிள்ளைக்குக் கண் சிவக்காமல் இருக்குமா? உள்ளே விட்டுவிட்டார். சிஸ்டரும் பேதிக்கென்றே சேர்த்துக்கொண்டு, தேசம்மாவுக்கு அடுத்த கட்டிலைக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பையனின் காதுக்குப் பின்னால் தடிப்பு கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்துக்கு இறங்கியது.

டாக்டர் சத்தம் போடவில்லை. நான் பார்த்திருந்தாலும் தவறவிட்டிருப்பேன் என்று மட்டும் சொன்னார். பையனைக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னார். புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது நின்றது, பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு அடைபட்டது. சின்ன வயதில் மணல்வாரி வந்து போனவர்கள் மட்டும் கொட்டகைக்குள் போகலாம் என்றார். துலுக்காணத்துக்கு வந்திருந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

அங்காளம்மாள் கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள். ஆத்தா வந்திருக்கிற பிள்ளைக்கு ஊசி போட்டால் அவள் கோபம் தாங்காது, ஊருக்கே போகிறேன், பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறேன் என்று பிள்ளையைப் பிடுங்கப் பார்த்தாள். பையனின் விலாவோ மூச்சுக்கு மூச்சு உள்வாங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, ரயிலேறினால் வீடு போய்ச் சேரமாட்டான் என்று டாக்டர் துலுக்காணத்தின் காதில் சொன்னார்.

துலுக்காணம் அவளை மறிக்கவில்லை. பிள்ளையை இறக்கிவிடவும் இல்லை.

“தங்கச்சி, ஆத்தாவ நான் ஒண்ணும் சொல்லல. வேப்பல வேணுமா, நான் ஒடிச்சுக்கினு வந்து தலமாட்ல வைக்கறேன். ஆனா புள்ளைக்கு மூச்சு இழுக்குது பாரு. அத்த உன் ஊட்ல யாரு பாப்பாங்க?”

அவள் பிள்ளையின் விலாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பென்சிலின் ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி வார்டைப் பற்றிய கவலை. பெரிய பிள்ளைகளுக்கெல்லாம் முன்பே வந்து போயிருந்தது. வராதவர்கள் நான்கு பேர். குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் சிசு, சத்தில்லாமல் காலும் முகமும் வீங்கிக் கிடந்த ஒரு பையன், நெஞ்சில் காசம் கண்ட ஒரு சிறுமி, அப்புறம் தேசம்மா. நோய் ஒட்டிய சில நாட்களுக்குள் போட்டால் அதைத் தடுக்கிற ஊசி மருந்து ஒன்று மெட்ராஸில் கிடைக்கும், காமா குளோபுலின் என்று பேர், கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு என்றார் டாக்டர். சீட்டு எழுதி, ஒரு பிளாஸ்க்கைக் கொடுத்துத் துலுக்காணத்தை அனுப்பினார்.

மெட்ராஸில் மருந்துக் கிடங்குக்காரர் சீட்டைப் படித்துவிட்டு மூன்று சீசாவை எடுத்து வைத்தார். நாலாவதுக்குத் துலுக்காணம் கெஞ்சினார். அடுத்த சரக்கு வரும்போதுதான் என்றார் அவர். அது எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பும் பாசஞ்சர் எண்ணூர் தாண்டி சிக்னலில் நின்றது. வெயில் பெட்டியைச் சுட்டது. பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார். ஐஸ் சத்தமில்லை, தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. சூடு ஏறினால் மருந்து கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்துப் பெட்டியில் மீன்கூடைக்காரிகள் இருப்பது வாசனையிலேயே தெரிந்தது. தண்டவாளத்தில் குதித்து ஓடி, அவர்களிடம் கேட்டு, மரத்தூள் ஒட்டிய ஐஸ்கட்டியைக் கல்லால் உடைத்து பிளாஸ்க்குக்குள் திணித்துக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. மூன்று சீசா, நான்கு பிள்ளைகள். டாக்டரைப் பார்க்கிற முன்னால் சிஸ்டரிடம் போய், ஒன்றை முதலில் தேசம்மாவுக்குப் போடச் சொன்னால்? ரயிலிலும் ரோட்டிலும் அலைந்தவன் நான், வாங்கி வந்தவன் நான், யார் கேட்கப்போகிறார்கள்? மீஞ்சூர் வந்தது, பொன்னேரி வந்தது. கவரைப்பேட்டையில் இறங்கும்போதும் அந்த நினைப்பு கூடவே இறங்கியது.

சிஸ்டர் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தாள். துலுக்காணம் அவளைக் கடந்து போய், பிளாஸ்க்கை டாக்டர் மேஜைமேல் வைத்தார்.

“மூணுதான் குடுத்தாங்கோ, ஐயா.”

டாக்டர் சீசாக்களைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். ஒன்றை இரண்டாகப் பிரிக்க முடியாதா என்று துலுக்காணம் கேட்டார். பிரித்தால் இரண்டு பேருக்கும் போதாமல் போய்விடும் என்றார் டாக்டர்.

“அந்த மூணு பிள்ளைங்களுக்கு வந்தா தாங்காது, துலுக்காணம். உன் பொண்ணு உடம்புல தெம்பு இருக்கு. வந்தா தாங்குவா.”

“நிச்சயமாவா சொல்றீங்க?”

“இல்லை. நிச்சயமா சொல்ல முடியாது.”

துலுக்காணம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கங்கம்மாவிடம் அவரே சொன்னார். மூடி மறைக்கத் தோன்றவில்லை. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார், அழவில்லை.

“ஊரு புள்ளைங்களுக்கு மூணு வாங்கியாந்த. உன் பொண்ணாண்ட வெறுங்கைய வீசிக்கினு வந்து நிக்கறியே.”

அதற்குப் பிறகு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

தேசம்மாவைத் தனியறைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பினால் அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளுக்குப் போய்விடும். தினமும் காலையில் வேலைக்கு வருமுன் துலுக்காணம் ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் கண்ணைப் பார்ப்பார். வெள்ளையாக இருக்கும். ஒரு வாரம் போனது. கங்கம்மாகூட ஒருநாள் அவருக்குச் சோற்றைத் தானே கொண்டுவந்து வைத்தாள். தப்பிவிட்டாள் என்று அவர் நம்பத் தொடங்கிய நேரத்தில், ஒரு காலையில் பெண் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. வெளிச்சம் கூசுகிறது என்றாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனபோது அங்காளம்மாள் எழுந்து பாயை நகர்த்தி இடம் விட்டாள். அவள் பையன் அப்போது தேறி, உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற அளவுக்கு வந்திருந்தான்.

“என் புள்ளையாலதானேண்ணா” என்றாள்.

நானும்தான் அவன் கண்ணைப் பார்த்தேன், பார்த்துத்தான் உள்ளே விட்டேன் என்றார் துலுக்காணம்.

தடிப்பு கால்வரை இறங்கிய அன்று தேசம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. கண்ணைப் பீளை மூடியது. அங்காளம்மாள் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள், குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லிப் போயிருந்தார். கங்கம்மா உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள், பாதி வாயோரம் வழிந்தது. நடுப்பகலில் பெண்ணின் மூச்சு குட்டை குட்டையாக ஆனது. கூப்பிட்டால் ‘உம்’ இல்லை. கங்கம்மா புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் துலுக்காணம் வெளியே வந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அங்கிருந்து வார்டின் ஜன்னல் தெரிந்தது. உள்ளே குறைமாதப் பிள்ளையை அதன் தாய் மார்போடு அணைத்திருந்தாள். அந்தப் பிள்ளைமேல் அவருக்கு ஒரு கணம் ஆத்திரம் வந்தது. வந்ததே என்று உடம்பு கூசியது.

டாக்டர் வந்து ஊசி போட்டார், உட்கார்ந்தார், எழுந்து போகவில்லை. வெயில் சாயும்போது பெண்ணுக்கு வியர்த்தது. மூச்சு நீண்டது. “தண்ணி” என்றாள். கங்கம்மா அப்போதுதான் அழுதாள்.

வார்டில் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் மணல்வாரி வரவில்லை. யாருடைய பங்கு அவர்களுக்குப் போனது என்று அந்தத் தாய்மார்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாமென்று துலுக்காணமே கேட்டுக்கொண்டார். அங்காளம்மாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள்.

தேசம்மா எழுந்து நடந்தாள், சிரித்தாள், கையின் வெந்த புண்ணும் ஆறியது. ஆனால் வலது காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. அது நின்ற பிறகு ஒருநாள் பின்னாலிருந்து துலுக்காணம் கூப்பிட, அவள் எதிர்ப்பக்கம் திரும்பி அப்பனைத் தேடினாள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தக் காது இனி அவ்வளவுதான் என்றார்.

பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்காரவைக்கும்படி வாத்தியாரிடம் கங்கம்மா தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மகளோடு ரோட்டில் நடக்கும்போது துலுக்காணம் அவளுடைய இடது கைப்பக்கமாக வந்துவிடுவார்.